எந்த உணவுக்கு எந்தப் பாத்திரம்?

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய பகல்நேரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து பெரிய விடயங்கள் பேசப்பட்டன. எங்கள் கல்லூரியிலிருந்து போன வைத்தியர்கள், சட்டத்தரணிகள், அதிபர்கள், பேராசிரியைகள் பற்றிக் கேட்டுப் பெருமைப்பட்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நித்திரை நேரத்தை எனக்குத் தந்து, குசினியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் வைத்தியரானாலும் அதிபரானாலும் வீட்டுக்குப் போனவுடன் எல்லோரும் திறப்பது ஒரு பாத்திரத்தின் மூடியைத்தான். எனவே இந்த அரை மணித்தியாலம் எல்லோருக்கும் பொதுவானது.

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் என்று நாங்கள் சொல்லும் துருப்பிடிக்காத உருக்கை இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பவர் 1913இல் உருவாக்கினார். பொலித்தீன் 1933இல் இங்கிலாந்திலுள்ள ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது சில்வர் பாத்திரம் எங்கள் கல்லூரிக்கு அக்கா, பொலித்தீன் தங்கை. எங்கள் கல்லூரியின் முதலாவது விடுதிச் சமையலறை நடந்த நாளில் பொலித்தீன் என்ற பொருளே உலகில் இல்லை. அன்றும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அரிசி, பருப்பு, தூள், ஊறுகாய் எல்லாம் மழைக்காலம் தாண்டி இருந்தன.

எப்படி இருந்தன? பழைய வீடுகளின் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு மண்பானை. ஊறுகாய்க்குப் பீங்கான் சாடி. வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் ஓலைப்பெட்டி. ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் கடகம். பால், தயிருக்கு உறியில் தொங்கும் சட்டி. வறுத்த மாவுக்கு மூடி இறுகிய பிஸ்கற் ரின். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஓலை மூச்சுவிடும், வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். பீங்கான் உப்போடும் புளிப்போடும் சண்டை பிடிக்காது. மண் தண்ணீரைக் கசியவிட்டு ஆவியாக்கிக் குளிர்விக்கும். எங்கள் பாட்டிமார் இரசாயனம் படிக்கவில்லை. ஆனால் உணவு என்ன கேட்கிறது என்று பார்த்துத்தான் பாத்திரத்தைத் தெரிவு செய்தார்கள். நான் இன்று சொல்ல வந்ததும் இதைத்தான். உணவைக் கேளுங்கள். அது சூடா, குளிரா? எண்ணெயா, புளிப்பா? ஈரமா, உலர்ந்ததா? ஒரு நாள் இருக்கப்போகிறதா, ஒரு வருடமா? பதிலை வைத்துப் பாத்திரத்தை எடுங்கள். பிளாஸ்ரிக் வந்த பிறகு நாங்கள் நிறுத்திவிட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றையும் ஒரே வகைப் பெட்டியில் போடப் பழகிவிட்டோம்.

பிளாஸ்ரிக்கை நான் திட்ட வரவில்லை. அது ஏன் எங்கள் வீடுகளுக்குள் வந்தது என்பதை மறக்கவும் கூடாது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டிப் போன சனம் சாடியையும் பரணியையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாரமில்லாத, விழுந்தால் உடையாத பிளாஸ்ரிக் கானும் வாளியும்தான் கூடப் போயின. பின்னர் முகாம்களில் தண்ணீர் பிடித்தது அதில்தான். நிவாரண மாவும் பருப்பும் காத்தது அதில்தான். அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றிய பொருள் அது. ஆனால் ஓடும்போது உதவிய பொருளை இருக்கும்போதும் எல்லாவற்றுக்கும் பாவிக்க வேண்டுமா என்று யோசிக்க இப்போது எங்களுக்கு நேரம் இருக்கிறது.

சரி, பிளாஸ்ரிக்கில் என்ன பிரச்சினை? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாட்சி இருக்கிறது. கறி வைத்த ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவிப் பாருங்கள். மஞ்சள் நிறம் போகாது. வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பு வைத்த பெட்டியில் மணமும் போகாது. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும். அந்த எண்ணெயோடு அது பிளாஸ்ரிக்குக்குள்ளேயே போய்விட்டது. உணவிலிருந்து பெட்டிக்குள் போக ஒரு வழி இருந்தால், பெட்டியிலிருந்து உணவுக்குள் வரவும் அதே வழி உண்டு. கண்ணாடிப் போத்தலில் இந்தக் கறை பிடிக்காது. சில்வரிலும் பிடிக்காது. இதற்கு மேல் ஒரு பரிசோதனை தேவையில்லை.

பிளாஸ்ரிக் என்பது ஒரு பொருள் அல்ல. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளோடு, மிருதுவாக்க, நிறமூட்ட, வெயிலில் உடையாமல் இருக்க என்று பல பொருட்களைச் சேர்த்துச் செய்கிறார்கள். சேர்த்தவற்றில் சில இறுக்கமாகப் பிணைந்திருப்பதில்லை. சூடு, எண்ணெய், புளிப்பு, நீண்ட காலம் ஆகிய நான்கும் அவற்றை வெளியே இழுக்கும். பெட்டியில் கீறல் விழுந்திருந்தால் இன்னும் அதிகம். பிஸ்பினோல் ஏ என்ற பொருளைப் பற்றிச் சிலர் வாசித்திருப்பீர்கள். உடலின் ஹோர்மோன் வேலையைக் குழப்பக்கூடியது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் குழந்தைகளின் பால்போத்தல்களில் 2011இல் தடை செய்தது. 2024 டிசெம்பரில் உணவோடு தொடும் பொருட்களிலெல்லாம் அதைத் தடை செய்யும் சட்டத்தை ஏற்றுப் படிப்படியாக நடைமுறைப்படுத்துகிறது. டப்ளின் திரித்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பொலிபுறோப்பிலீன் பால்போத்தல்களில் சூடான நீரை விட்டுக் குலுக்கியபோது இலட்சக்கணக்கான நுண்துகள்கள் நீரில் சேர்ந்ததைக் கண்டார்கள். நீர் சூடாகச் சூடாகத் துகள்களும் கூடின. உடம்புக்குள் போன துகள் என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. அது முடியும் வரை குழந்தையின் போத்தலில் கொதிநீர் ஊற்றிக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் இலக்கம் இருக்கும். அது பாதுகாப்புச் சான்றிதழ் என்று பலர் நினைக்கிறார்கள். அது என்ன வகைப் பிளாஸ்ரிக் என்று மீள்சுழற்சிக்காரருக்குச் சொல்லும் இலக்கம் மட்டுமே. 5 என்றால் பொலிபுறோப்பிலீன். ஐஸ்கிறீம், மாஜரீன் பெட்டிகள் பெரும்பாலும் அந்த வகை. குளிரான பொருளை ஒரு முறை அடைத்து விற்பதற்காகச் செய்த பெட்டி அது. கொதிக்கிற இறைச்சிக்கறியை அதில் ஊற்றுவது அதனிடம் கேட்கக் கூடாத வேலை.

ஆகவே நான்கு விடயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். சூடானது, எண்ணெய் உள்ளது, புளிப்பானது, குழந்தைக்குக் கொடுப்பது. இந்த நான்கும் பிளாஸ்ரிக்குக்குள் போகக் கூடாது. மற்றவற்றை ஆறுதலாக மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். உலர்ந்த பயறும் கடலையும் பிளாஸ்ரிக்கில் இருந்தால் வீடு இடிந்துவிடாது.

இனி ஒவ்வொரு பாத்திரமாகப் பார்ப்போம்.

முதலில் கண்ணாடி. எதனோடும் சேராது, மணம் பிடிக்காது, உள்ளே இருப்பது வெளியே தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், இதை நீங்கள் வாங்கத் தேவையில்லை. ஜாம் போத்தல், மோல்ற் பானப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. லேபலை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து எடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் தூளைப் போட வேண்டாம். ஆனால் சாதாரணக் கண்ணாடிக்குத் திடீர்ச் சூடு ஆகாது. பிறிஜ்ஜிலிருந்து எடுத்த போத்தலில் கொதிநீர் விட்டால் வெடிக்கும். அவணில் வைப்பதற்கு என்று விற்கும் போரோசிலிக்கேற் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியின் மூன்றிலொரு பங்குதான், அதனால் தாங்கும். அதையும் ஈரமான சீமெந்துத் தரையில் சூட்டோடு வைக்காதீர்கள். பிறீசரில் வைக்கும்போது போத்தலை நிரப்ப வேண்டாம். தண்ணீர் பனியாகும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக்கு இன்னொரு குறை, வெளிச்சம் உள்ளே போகும். மிளகாய்த்தூள் நிறம் மங்கும், எண்ணெய் காறும். ஆகவே தூள் போத்தலை யன்னலோரம் அழகுக்கு அடுக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள்.

இரண்டாவது சில்வர். உடையாது, பாரம் குறைவு, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. வாங்கும்போது 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். காந்தத்தை ஒட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காந்தம் ஒட்டாத மலிவு வகையும் கடையில் உண்டு. அதனால் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். பொறித்த இலக்கத்தையும் தகட்டின் தடிப்பையும் பாருங்கள். சில்வர் சூட்டை வேகமாக வெளியே விடும். மிஞ்சிய சோற்றையும் கறியையும் அகலமான சில்வர் தட்டில் மெல்லிய படையாகப் பரப்பினால் விரைவில் ஆறும். இது சின்ன விடயம் அல்ல. எங்கள் வெக்கையில் மிஞ்சிய சோறு மணிக்கணக்காக அடுப்படியில் கிடந்தால் கிருமி பெருகும்; பிறகு சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து, 5 பாகை செல்சியசுக்கு மேற்படாத பிறிஜ்ஜில் வைத்துவிட வேண்டும். சில்வருக்கு ஆகாதது நீண்ட நாள் உப்பு. தேசிக்காய் ஊறுகாயை மாதக்கணக்கில் அதில் வைத்தால் சிறு குழிகள் விழும். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேசிக்காய்ச் சோறு கொண்டுபோவதில் பிழையில்லை.

மூன்றாவது பீங்கானும் மண்ணும். ஊறுகாய்க்குச் சாடியே அரசி. உள்ளே பூச்சு வெடிக்காமல் இருக்க வேண்டும். வெடித்த இடத்தில் புளிப்பு இறங்கும். பழைய பூச்சுகளில் ஈயமும் இருந்திருக்கலாம். பாட்டியின் சாடி உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தால் அதை அலுமாரியில் மரியாதையாக வைத்துவிட்டு, ஊறுகாயைக் கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். மண் சட்டியின் அருமை மட்டக்களப்புச் சகோதரிகளுக்குத் தெரியும். எருமைத் தயிர் சட்டியில் இறுகி நிற்பது, சட்டி மிஞ்சிய நீரை உறிஞ்சுவதால். அதே காரணத்தால் மண் பாத்திரத்தில் மாவும் தூளும் வைக்கக் கூடாது. வெளி ஈரம் உள்ளே வரும்.

நான்காவது ரின். பிஸ்கற் ரின்னும் பால்மா ரின்னும் உலர்ந்த பண்டங்களுக்கு நல்லவை. வெளிச்சம் போகாது, எலி கடிக்காது. ஆனால் எங்கள் கடற்காற்றில் துரு பிடிக்கும். மூடியின் விளிம்பை மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முறுக்கும் பயற்றம் பணியாரமும் வைக்கும்போது அடியில் பத்திரிகைத் தாள் விரிக்க வேண்டாம். அச்சு மை எண்ணெயில் கரையும். ஒயில் பேப்பர் அல்லது வாட்டிய வாழையிலை போதும்.

அலுமினியம், பித்தளை, செம்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே விதி: புளிப்பும் உப்பும் அவற்றில் தங்கக் கூடாது. புளிக்கறியை அலுமினியச் சட்டியில் இரவு முழுக்க விட்டால் சட்டி கறுத்துத் தேய்வதைப் பார்த்திருப்பீர்கள். தேய்ந்தது எங்கே போனது? கறிக்குள்தான். பித்தளைக்கு உள்ளே பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்த பூச்சு நஞ்சு. நம்பிக்கையான ஆள் இல்லாவிட்டால் பித்தளையை விளக்குக்கும் பூவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எங்கள் சொந்தப் பாத்திரம், பனையோலை. கூழ் குடிக்கப் பிளா கோலிய சனம் நாங்கள். வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, ஒடியல், முட்டை எல்லாவற்றுக்கும் ஓலைப்பெட்டி நல்லது. காற்று ஓடும், முளைப்பதும் அழுகுவதும் குறையும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மட்டும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், இரண்டும் கெடும். சாயம் போடாத வெள்ளை ஓலையாக வாங்குங்கள். மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் இவை கிடைக்கின்றன. ஊரில் பின்னுகிறவர்களிடம் நேரே சொல்லியும் செய்விக்கலாம். அந்தக் காசு பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைக்குப் போகிறது. அவர்களில் பலர் தனியே குடும்பம் நடத்துகிறவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பிளாஸ்ரிக்கை விடுகிறோம் என்ற உற்சாகத்தில் மிளகாய்த்தூளையும் கச்சானையும் அழகான கூடையில் திறந்து வைத்தால், ஒரு தீமையை விட்டு அதைவிடப் பெரிய தீமையைப் பிடித்தவர்களாவோம். ஈரம் பட்ட தூளிலும் கச்சானிலும் கொப்பறாவிலும் ஒருவகைப் பூஞ்சணம் வளரும். அது விடும் நஞ்சுக்குப் பெயர் அஃப்ளரொக்சின். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சாதாரணச் சமையற் சூட்டில் அழியாது. பூஞ்சணம் பிடித்த பகுதியைத் தட்டிவிட்டு மிச்சத்தைப் பாவிக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. தயவுசெய்து அதை விடுங்கள். உலர்ந்த பண்டத்துக்குப் பாத்திரம் எதுவானாலும் மூடி இறுக வேண்டும். கரண்டி காய்ந்திருக்க வேண்டும். கொதிக்கும் சட்டிக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள். ஆவி உள்ளே போகும்.

அதேபோல உள்ளியை எண்ணெயில் போட்டு இறுக மூடி வெளியே வைக்க வேண்டாம். காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் நச்சுக் கிருமி வளரலாம். கொஞ்சமாகச் செய்து பிறிஜ்ஜில் வைத்து ஒரு சில நாளில் முடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து அம்மா வறுத்து இடித்து அனுப்பும் கறித்தூள் பொலித்தீன் பையில்தான் வரும்; வேறு வழியில்லை. கறித்தூளில் எண்ணெய்த் தன்மை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வந்த அன்றே கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை வெளியே வைத்து, மிச்சத்தைப் பிறீசரில் வையுங்கள். நிறமும் மணமும் நிற்கும். அனுப்புகிற அம்மாமாருக்கும் சொல்லுங்கள்: வறுத்த சூடு முழுக்க ஆறிய பிறகுதான் பையை ஒட்ட வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஞாயிற்றுக்கிழமை கிழமைக்கு வேண்டிய கறி சமைத்துப் பெட்டி பெட்டியாக அடுக்குகிற வழக்கம் எனக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது தேவை. அடுக்குங்கள், ஆனால் கண்ணாடிப் பெட்டியில். பிளாஸ்ரிக் பெட்டியில்தான் இருக்கிறது என்றால் மைக்றோவேவில் வைக்கும் முன் பீங்கான் கோப்பையில் கொட்டுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

இது எங்கள் வயிற்றோடு முடிகிற விடயமும் அல்ல. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்பு அன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் வீசியது மலையாகி இன்னொருவர் வீட்டின் மேல் விழுந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் லன்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் பனிபோல ஒதுங்கின. 2023 ஒக்ரோபர் முதல் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் தடையில் சேர்ந்தது. சட்டம் ஒரு பக்கம் வருகிறது. ஆனால் வளவுக்குள் சருகோடு பிளாஸ்ரிக்கைக் கூட்டிக் கொளுத்துகிற கையை எந்தச் சட்டம் வந்து பிடிக்கும்? குளோரீன் உள்ள பிளாஸ்ரிக் எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு புகையோடு வரும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது முற்றத்தில் விளையாடும் பிள்ளை.

எனவே இன்று வீட்டுக்குப் போய் இருக்கிற பிளாஸ்ரிக் பெட்டிகளை எல்லாம் வீசிவிடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். குசினியிலிருந்து மட்டும் வெளியே எடுங்கள். நூலும் பொத்தானும் போடலாம். ஆணி போடலாம். பயிர் விதை வைக்கலாம். அடியில் துளையிட்டுக் கறிவேப்பிலைக் கன்று நடலாம். முதலில் மாற்ற வேண்டியது சூடான கறி வைக்கும் பெட்டி, எண்ணெய்ப் போத்தல், ஊறுகாய்ப் பேணி, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி. இந்த நான்கையும் மாற்றினால் பெரும்பங்கு வேலை முடிந்துவிட்டது. மிச்சத்தை உடைய உடைய மாற்றுங்கள். ஒரே நாளில் கடையில் போய் ஒரு வரிசைக் கண்ணாடிப் பெட்டி வாங்கிக் கடன்படச் சொல்லி நான் சொல்லவில்லை.

வாசலில் வைத்திருந்த பெட்டியில் நீங்கள் எழுதிப் போட்ட கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

“கண்ணாடிப் போத்தலின் மூடி பிளாஸ்ரிக்தானே, அப்படியானால் என்ன பயன்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. உணவு மூடியில் முட்டாமல் வைத்தால் பெரிய பாதிப்பில்லை. தகர மூடிக்கும் உள்ளே ஒரு பூச்சு உண்டு. ஊறுகாய் பட்டால் அரிக்கும். இடையில் ஒரு துண்டு ஒயில் பேப்பர் வைத்து மூடுங்கள்.

“மூங்கில் பாத்திரம் நல்லதா?” முழு மூங்கிலில் செதுக்கியது என்றால் உலர்ந்த பண்டத்துக்கு நல்லது. மூங்கில் நாரைத் தூளாக்கி மெலமின் பிசினில் வார்த்த கோப்பைகளும் மூங்கில் என்ற பெயரிலேயே விற்கின்றன. அவை பிளாஸ்ரிக்தான். சூடான தேத்தண்ணி ஊற்ற வேண்டாம்.

“எனக்குக் கைமூட்டு வருத்தம். கண்ணாடிப் போத்தல் தூக்க முடியாது” என்று ஒரு மூத்த அக்கா எழுதியிருக்கிறா. அக்கா, உங்களுக்குச் சில்வர்தான். சிறிய பேணிகளாக வாங்கி இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள். மூடி திருகுவதாக இல்லாமல் அமர்த்தி எடுப்பதாக இருக்கட்டும்.

“அரிசியில் வண்டு வராமல் இருக்க?” அரிசியை நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறிய பின் இறுக மூடும் சில்வர் வாளியில் போடுங்கள். காய்ந்த வேப்பிலையோ செத்தல் மிளகாயோ போடுவது பழைய வழக்கம், தொடரலாம். பழைய அரிசி முடிந்து வாளியைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் புதிய அரிசி. பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் வண்டுக்கு விருந்து வைத்த மாதிரி.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன்.

பரிசளிப்பு விழாவிலும் விளையாட்டுப் போட்டியிலும் பிள்ளைகளுக்குப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் பரிசாகக் கொடுக்கிறோம். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, இந்த நூற்றாண்டு ஆண்டிலிருந்து சில்வரில் கொடுப்போம். கல்லூரியின் பெயரைப் பொறித்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்கும் அதில் சாப்பாடு கட்டுவாள்.

அடுத்தது விடுதிச் சமையலறை. அங்கே புளியும் எண்ணெயும் இன்றைக்கும் பெரிய பிளாஸ்ரிக் கான்களில்தான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மூன்று நேரமும் சாப்பிடுவது அதிலிருந்துதான். நூற்றாண்டு நிதியிலிருந்து பூங்காவுக்கும் வாசல் வளைவுக்கும் ஒதுக்கியது போக, விடுதிக்கு மூடி இறுகும் பெரிய சில்வர் வாளிகளும் சாடிகளும் வாங்க ஒரு பங்கை ஒதுக்குங்கள். கடல் கடந்த கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு தட்டுப் பாத்திரத்தைப் பொறுப்பேற்றால் ஒரு தவணைக்குள் முடிந்துவிடும். கல்வெட்டில் பெயர் வராது. ஆனால் நாளைக்கு அந்தச் சமையலறையிலிருந்து வரும் பருப்புக்கறி, நாங்கள் சாப்பிட்டதைவிடச் சுத்தமான பாத்திரத்திலிருந்து வரும். மனையியல் ரீச்சருக்கு அதைவிட நல்ல நூற்றாண்டு விழா இல்லை.